ஒரு கீழ்க்கோடு

இரண்டு யூ இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு யூவும் ஒரு கீழ்க்கோடும்.
வாங்கிலில் ஒருத்தர் எழும்பிப்போன இடம் மாதிரி
அந்தக் கோடு.

குருநகரில், ஐஸ் வாடிக்குப் பின்னால், சங்கக் கந்தோர்.
மண்ணெண்ணெய்ச் சிட்டைகளுக்கு நடுவில்
உப்புக்காற்றில் விளிம்பு துருவேறிய பெட்டி
பதினொரு மாதமாய்
ஒற்றை வட்டில் ஓடியிருக்கிறது.
"ஓடினதுதானே?" என்றார் காரியதரிசி மனோன்மலர்.
ஓடினதுதான் அன்ரி பிழை.
அது நொண்டியிருந்தால் ஆராவது பார்த்திருப்பினம்.

இரண்டு வட்டும் ஒரே நாளில் வாங்கினவை.
தொடர் இலக்கம்கூட அடுத்தடுத்து.
ஒன்று போய்விட்டதென்றால்
மற்றது வரிசையில் நிற்கிறதென்று அர்த்தம்.

எதிலிருந்து எதற்கு,
இதை மட்டும் மூன்று தரம் வாய்விட்டுச் சொன்னேன்.
மாறிக் கொடுத்தால்
புது வட்டின் வெறுமை
அச்சொட்டாய் மற்றதில் ஏறிவிடும்.
கண்ணாடிக்கு முன்பின் தெரியாது.
உயிரோடிருந்ததில் பிளாஸ்டர் ஒட்டி
தொடாதே என்று எழுதினேன்,
எனக்குத்தான்.

சவிரிமுத்து வாசலில் வந்து நின்றார்.
"எஞ்சின் கடன் எல்லாம் அதுக்குள்ளதானே பிள்ளை?"
ஓம்.
"அப்பிடியே கடலுக்கை எறிஞ்சா என்ன?"
சிரித்தார். கொஞ்சம் பொறுத்து,
"கட்டினதும் அதுக்குள்ளதான் என்ன"
என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.
இரவு பத்துமட்டும் எழும்பவில்லை.

மூன்று சதவீதம். மூன்று தசம் ஒன்று.
வெளியே கார்த்திகை மழை.
கரண்ட் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது,
யூபிஎஸ் கீச்சிட்டது,
சவிரிமுத்து சிலுவை போட்டார்.

எழுபத்தொன்று தசம் நான்கில் நின்றது.

மிஞ்சின வட்டில் ஒரு கட்டம் வாசிக்க வரவில்லை.
நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து.
ஒரு ஆளின் பெயர், பாஸ்புத்தக இலக்கம்,
ஐந்து வருசத் தவணை, எல்லாம் அதற்குள் அடங்கும்.
பொறுமையாய் வாசிக்கிற கருவியைப் போட்டு
எட்டுத் தரம் கேட்டேன்.
எட்டுத் தரமும் மௌனம்.
அந்த இடத்தில் சுழியம் நிரப்பிவிட்டு
மிச்சத்தை விடியும்வரை
புது வட்டுக்கு அள்ளினேன்.

பிறகு தேடினேன், அந்தக் கட்டம் ஆருடையது என்று.
ஆருடையதும் இல்லை.
ஒருவரும் ஒருநாளும் எழுதாத இடம்.
இரவு முழுக்க
ஒன்றுமில்லாததைக் காப்பாற்றத்தான் முழித்திருந்தேன்.
கண்ணாடிக்கு அதுவும் தெரியாது:
கடனையும் வெற்றிடத்தையும்
ஒரே சிரத்தையோடுதான் படியெடுக்கிறது.

கொழும்பு பஸ்ஸில் மறுநாள் இன்னொரு வட்டு வந்தது.
இந்தமுறை வேறு கம்பனி, வேறு மாதம்.
பின்னேரம் நாலே முக்காலுக்கு
கீழ்க்கோடு எழும்பி யூவானது.
பழைய இரண்டையும்
மனோன்மலர் அன்ரி ஷொப்பிங் பையில் சுற்றி
அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.
எறிய மனமில்லையாம்.

எச்சரிக்கை ஆருக்குப் போகிறதென்று கடைசியாய்ப் பார்த்தேன்.
றெஜினோல்ட்.
முந்தின கிளாக்கர். ரொறன்ரோ போய் ஒன்றரை வருசம்.
பதினொரு மாதம், நாளுக்கு ஒன்று,
பழுது பழுது என்று
பெட்டி அவனுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

என் முகவரியைச் சேர்த்தேன்.
அவனுடையதை அழிக்கப் போய், கை நின்றது.
சோதனைக்கு ஒரு மடல் அனுப்பினேன்,
இரண்டு பேருக்கும்.

அங்கே விடிய ஆறுமணிகூட ஆகியிருக்காது.
ஒரு நிமிசத்தில் பதில்:

"இப்ப இரண்டும் இருக்கா?"